'வேண்டாம்' என்பது யாருடைய காசு? கலிபோர்னியாவின் தேர்தல் நிதித் தளங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

திருகோணமலைக் கடைத்தெருவில் எந்தக் கடையின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலும், மென்பானப் போத்தலின் லேபலில் ஒரு சிறிய நிற வட்டம் இருக்கும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2016 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்த வட்டத்துக்காக நாம் யாரும் வாக்களிக்கவில்லை. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்துக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படியான ஒரு லேபலையோ வரியையோ பொதுமக்களே கையெழுத்துத் திரட்டி வாக்குச்சீட்டில் ஏற்றலாம்; அதைத்தான் முன்மொழிவு என்பார்கள். அப்போது அதை விரும்பாத கம்பனிகள் எவ்வளவு காசை எந்தப் பெயரில் இறக்குகின்றன என்பதை, உப்புவெளியில் இருந்தபடியே, தரவுச் செலவைத் தவிர ஒரு சதமும் கொடுக்காமல் பார்க்கலாம். அதற்கு உதவும் சேவைகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். கலிபோர்னியாவின் வாக்காளர் தகவல் கையேடு, அந்த மாநிலத்தின் தேர்தல் நிதிக் கணக்குத் தளமான கால்-அக்சஸ், அதே கணக்கைத் தேடித் தரும் பவர் சேர்ச் ஆகிய மூன்றும் முதன்மையானவை. துணைக்கு, அமெரிக்கத் தேர்தல் விவரங்களைத் தொகுக்கும் பலட்பீடியா தளமும் வொஷிங்டன் மாநிலத்தின் பகிரங்கப்படுத்தல் ஆணைக்குழுத் தளமும்.

உயர்தர அரசறிவியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள், கோணேசபுரி வளாக மாணவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், உள்ளூர் நிருபர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கால்-அக்சஸ் பார்வைக்குப் பழசு, பாவிக்கச் சிரமம், ஆனால் அது இல்லாமல் இந்த வேலை நடக்காது. கையேடு இரு தரப்பு வாதத்தையும் நேர்மையாகத் தருகிறது, காசைப் பற்றி மட்டும் அதிகம் பேசாது. பவர் சேர்ச் அவசரத்துக்கு நல்லது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு பிரசாரத்தின் உண்மையான முகம் தெரியும். தனித்தனியாக எடுத்தால் மூன்றுமே ஏமாற்றும்.

ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும்? 2012 இல் கலிபோர்னியாவில் 37 ஆம் முன்மொழிவு வந்தது. மரபணு மாற்றிய உணவுக்கு லேபல் ஒட்ட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்த ஆண்டு செப்டெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் எடுத்த கருத்துக் கணிப்பில் 61 வீதமானோர் ஆதரவு என்றார்கள். ஒக்டோபர் கடைசியில் அது 44 ஆக இறங்கியது. நவம்பரில் 51.4 வீதம் 'வேண்டாம்', 48.6 வீதம் 'வேண்டும்'. எதிர்த்தரப்பு செலவழித்தது ஏறத்தாழ 46 மில்லியன் டொலர்; மரபணு மாற்றிய விதை விற்கும் மொன்சன்டோ மட்டும் 8 மில்லியனுக்கு மேல். ஆதரவுத் தரப்பிடம் இருந்தது 9 மில்லியன் அளவு. இந்த வீழ்ச்சி நடந்த வாரங்களில் தொலைக்காட்சியில் யார் பேசினார்கள், அவர்களுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதை அன்றைக்கு அன்றே பார்க்க வழி இருந்தது. பார்த்தவர்கள் குறைவு.

எதிர்ப்புப் பிரசாரத்தின் வேலை மக்களை மனம் மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சந்தேகத்தை விதைத்தால் போதும். ஒரு முன்மொழிவைப் பற்றித் தெளிவில்லாத வாக்காளர் இருப்பதை இருந்தபடியே விட்டுவிடுவோம் என்று 'வேண்டாம்' போடுவது வழக்கம். அதனால்தான் விளம்பரங்களில் "நல்ல நோக்கம்தான், ஆனால் எழுதிய விதம் பிழை", "இதில் யாருக்கோ விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்", "உங்கள் பலசரக்குச் செலவு கூடும்" என்ற வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும். இந்த மூன்றையும் அடையாளம் கண்டுவிட்டால் நிதித் தளத்தில் எதைத் தேட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் கையேடு. தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் அலுவலகம் ஒவ்வொரு மாநிலத் தேர்தலுக்கும் இதை அச்சிட்டு வாக்காளர் வீடுகளுக்கு அனுப்புகிறது. இணையத்தில் முழுதாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் சட்டமா அதிபர் எழுதும் தலைப்பும் சுருக்கமும் 100 சொல்லுக்குள் இருக்கும். பிறகு சட்டவாக்கப் பகுப்பாய்வாளர் அலுவலகத்தின் விளக்கம். பிறகு இரு தரப்பு வாதங்கள், தலா 500 சொல். அவற்றுக்கு மறுப்பு, தலா 250 சொல். கடைசியில் சட்டத்தின் முழு வாசகம். அச்சுக்குப் போகுமுன் 20 நாள் பொதுப் பார்வைக்கு வைக்கிறார்கள். பொய்யான, தவறாக வழிநடத்தும் வரி இருந்தால் அந்த நாட்களுக்குள் யாரும் நீதிமன்றம் போகலாம்.

இதில் விலைமதிப்பற்ற பகுதி பகுப்பாய்வாளரின் விளக்கம். இப்போதைய சட்டம் என்ன, முன்மொழிவு எதை மாற்றும், அரசுக்கு வரவு செலவு என்ன என்று எந்தச் சாயமும் இல்லாமல் எழுதுவார்கள். விளம்பரம் சொல்லும் 'விலை கூடும்' என்ற பேச்சை இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டமா அதிபரின் தலைப்பை மட்டும் அப்படி நம்ப வேண்டாம். அவர் தேர்தலில் நின்று வந்த அரசியல்வாதி. 2018 இல் பெற்றோல் வரி உயர்வை நீக்கக் கேட்ட 6 ஆம் முன்மொழிவின் தலைப்பு, வீதித் திருத்த நிதியை நீக்குவது என்ற விதமாகத் தொடங்கியது. இரண்டும் உண்மைதான், ஆனால் எதை முன்னால் வைப்பது என்பதிலேயே வாக்கு திரும்பிவிடும்.

கையேட்டின் பலவீனம் கையொப்பங்களில் இருக்கிறது. ஒவ்வொரு வாதத்தின் கீழும் மூன்று பேர் வரை கையெழுத்திடலாம். பெரும்பாலும் ஒரு வைத்தியர், ஒரு தீயணைப்பு வீரர், ஒரு சிறு வர்த்தகச் சங்கத் தலைவர். அவர்களது அமைப்புக்கு அந்தப் பிரசாரத்திலிருந்து காசு போயிருக்கிறதா என்பது அந்தப் பக்கத்தில் இராது. நிதி பற்றி இருப்பது, பெரிய நன்கொடையாளர் பட்டியலை எங்கே பார்க்கலாம் என்ற குறிப்பு மட்டும்தான். ஹிந்தி, கெமர், வியட்நாமிய மொழி என்று பல மொழிகளில் வருகிறது, தமிழில் இல்லை. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் பாவிப்பவர்கள் எண்கள், குழுப் பெயர்கள், 'ஆம்' என்றால் என்ன 'இல்லை' என்றால் என்ன என்ற பெட்டி ஆகிய மூன்றையும் கட்டாயம் மூலத்தில் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், 'ஆம்' என்பது எப்போதும் மாற்றத்தைக் குறிப்பதில்லை. 1982 டிசம்பர் 22 இல் இங்கே நடந்த சர்வசன வாக்கெடுப்பில் விளக்குச் சின்னத்துக்குப் போட்டால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீளும், குடத்துக்குப் போட்டால் பொதுத் தேர்தல் வரும். அந்தக் குழப்பத்தை அறிந்த தலைமுறை திருகோணமலையில் இன்னும் இருக்கிறது. கலிபோர்னியாவில் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை நிறுத்தக் கேட்டு நடக்கும் வாக்கெடுப்பில், 2023 இல் விதி மாறும் வரை, 'ஆம்' என்றால் சட்டம் நிற்கும், 'இல்லை' என்றால் விழும். கையெழுத்துத் திரட்டி அதை வாக்குச்சீட்டில் ஏற்றிய கம்பனி 'இல்லை' என்று பிரசாரம் செய்தது. பழைய கணக்குகளைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

இனி கால்-அக்சஸ். மாநிலச் செயலாளரின் தளத்தில் பிரசார நிதி என்ற பகுதிக்குப் போய், முன்மொழிவுகள் என்பதைத் தெரிவுசெய்து, தேர்தல் திகதியைத் தேருங்கள். முன்மொழிவு எண்ணைத் தொட்டால் அதை ஆதரிக்கும் குழுக்களும் எதிர்க்கும் குழுக்களும், அதாவது பிரசாரத்துக்குக் காசு திரட்டிச் செலவழிக்கும் அமைப்புகள், பட்டியலாக வரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஏழு இலக்க அடையாள எண் உண்டு. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழுக்கள் நடுவில் பெயர் மாற்றும், எண் மாறாது.

குழுவின் பக்கத்தில் கிடைத்த நன்கொடைகள், கொடுத்த நன்கொடைகள், செலவுகள், பிந்திய நன்கொடைகள் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். எக்செல் கோப்பாக இறக்கவும் முடியும். கைப்பேசியில் பார்ப்பவர்கள் உலாவியைக் கணினிப் பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அட்டவணையின் வலப்பக்கம், அதாவது தொகை இருக்கும் பக்கம், திரைக்கு வெளியே போய்விடும். இந்தத் தளத்தை மாற்றியமைக்க 2016 இலேயே சட்டம் இயற்றினார்கள். புதிய தளம் 2021 இல் திறக்கவிருந்து, சோதனைகளில் தேறாமல் ஒத்திவைக்கப்பட்டது.

உண்மையான சரக்கு 460 ஆம் படிவத்தில் இருக்கிறது. குழு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முழுக் கணக்கு அது. முன்பக்கத்தையும் சுருக்கப் பக்கத்தையும் தாண்டினால் அட்டவணைகள் தொடங்கும். அட்டவணை ஏ-யில் பண நன்கொடை: மொத்தம் 100 டொலர் அல்லது அதற்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், தொழில், தொழில் வழங்குநர். பீ-யில் கடன். சீ-யில் பொருளாகவும் உழைப்பாகவும் வந்தது; கம்பனி தன் ஊழியரின் நேரத்தைக் கொடுத்திருந்தால் இங்கே வரும். ஈ-யில் கொடுத்த பணம். எஃப்-இல் இன்னும் கொடுக்காத பாக்கி. ஜீ-யில் முகவர் மூலம் போன உபசெலவு.

பெரும்பாலானோர் ஏ-யோடு நின்றுவிடுகிறார்கள். ஈ-யையும் ஜீ-யையும் விடாதீர்கள். ஈ-யில் ஒவ்வொரு செலவுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். டி-ஈ-எல் என்றால் தொலைக்காட்சி, எல்-ஐ-டி துண்டுப் பிரசுரமும் தபாலும், பீ-ஓ-எல் கருத்துக் கணிப்பு, பீ-ஈ-டி கையெழுத்துத் திரட்டல், சீ-என்-எஸ் ஆலோசகர். ஒரு குழு கருத்துக் கணிப்புக்குப் பணம் கொடுத்த திகதியையும் தொலைக்காட்சிக்குப் பெருந்தொகை கொடுத்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வாசகம் மக்களைத் தயங்க வைக்கிறது என்று முதலில் சோதித்துவிட்டு, அதன் பின்தான் பெரிய காசை இறக்கியிருக்கிறார்கள் என்பது திகதி வரிசையிலேயே தெரியும். ஜீ அட்டவணை இன்னும் முக்கியம். குழு ஒரு விளம்பர நிறுவனத்துக்கு ஒரே காசோலையாகக் கொடுத்திருக்கும். அந்த நிறுவனம் யார் யாருக்கு 500 டொலரோ அதற்கு மேலோ பிரித்துக் கொடுத்தது என்பது ஜீ-யில்தான் வரும். 'சமூக அமைப்பு' என்று மேடையேறியவர்களின் பெயர் சில வேளை அங்கே இருக்கும்.

தேர்தல் நெருங்கும்போது 460 போதாது. கடைசி 90 நாட்களில் 1,000 டொலர் அல்லது அதற்கு மேல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் 497 ஆம் படிவம் போட வேண்டும். ஒக்டோபரில் கலிபோர்னியா எமக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே மாலை 5 மணிக்குப் பதிவது இங்கே மறுநாள் அதிகாலை 5.30. விடியற்காலையில் பார்ப்பவருக்கு அங்கே அதுவரை பதிவானவை தெரியும்.

பிழை விடும் இடங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகளில் வரும் தொகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதற்குக் காரணம் இவைதான். 497 இல் வந்த தொகை பிறகு 460 இன் ஏ அட்டவணையிலும் வரும். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பாகும். ஒரே பக்கத்தில் நிற்கும் இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று காசு மாற்றும். மொத்தத்தில் அதுவும் இருமுறை ஏறும். திருத்திய கணக்குப் போட்டால் பழையதும் பட்டியலில் கிடக்கும், எனவே திருத்த எண்ணைப் பார்த்துக் கடைசியானதைத் திறக்க வேண்டும். ஒரே கம்பனி மூன்று எழுத்துக்கூட்டலில், அல்லது துணைக் கம்பனியின் பெயரில் வரும். பிலிப் மொரிஸ் என்று மட்டும் தேடி, தாய்க் கம்பனியான அல்ட்ரியாவைத் தேடாவிட்டால் ஒரு பகுதி தப்பிவிடும். எக்செல்லில் பெயர் நிரலை அகர வரிசைப்படுத்தி, கையாலேயே ஒரு பொதுப் பெயர் கொடுத்து, அதன் பிறகு கூட்டுங்கள். மாணவர்களுக்கு ஒப்படையாகக் கொடுத்தால் கொமியூனிகேஷனில் முழுப் படிவத்தையும் அச்செடுக்க வேண்டாம். பெரிய குழுவின் 460 நூற்றுக்கணக்கான பக்கம் போகும். சுருக்கப் பக்கமும் ஏ, ஈ, ஜீ அட்டவணைகளின் பெரிய தொகைகள் உள்ள தாள்களும் காணும்.

பவர் சேர்ச் இதே தரவை எளிதாகத் தேடித் தரும் தளம். மாநிலச் செயலாளர் அலுவலகம் மெப்லைட் என்ற அமைப்போடு சேர்ந்து செய்தது. 2001 முதலான நன்கொடைகள் இருக்கின்றன. நட்புக் குழுக்களுக்கிடையிலான மாற்றங்களைத் தவிர்க்கும் ஒரு பெட்டி அதில் உண்டு. மேலே சொன்ன இரட்டைக் கணக்குப் பிரச்சினைக்கு அதில் குறி போட்டால் தீர்வு. செலவுப் பக்கம் கால்-அக்சஸ் அளவுக்கு ஆழமில்லை. யார் கொடுத்தது என்பதற்கு இது போதும், எதற்குச் செலவழித்தது என்பதற்கு மீண்டும் 460 தான். பலட்பீடியா எல்லா மாநிலங்களையும் ஒரே அச்சில் தருவதால் ஒப்பிடுவதற்கு வசதி. அதில் உள்ள மொத்தத் தொகையை மேற்கோள் காட்டுமுன் மாநிலத் தளத்தோடு சரிபாருங்கள், அவ்வளவுதான்.

குழுவின் பெயரை வாசிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். 1994 இல் கலிபோர்னியாவின் 188 ஆம் முன்மொழிவைக் கொண்டுவந்தவர்கள் தம்மை 'மாநிலம் தழுவிய புகைத்தல் கட்டுப்பாடுகளுக்கான கலிபோர்னியர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தது பிலிப் மொரிஸ். ஊர்களில் ஏற்கெனவே இருந்த கடுமையான புகைத்தல் விதிகளை நீக்கி, தளர்ந்த ஒன்றை மாநிலம் முழுவதற்கும் வைப்பதுதான் நோக்கம். உண்மை வெளிவந்ததும் 70 வீதத்துக்கு மேற்பட்டோர் நிராகரித்தார்கள். 2016 இல் புளோரிடாவின் மின்சாரக் கம்பனிகள் 'புத்திசாலிச் சூரியசக்திக்கான நுகர்வோர்' என்ற பெயரில் 20 மில்லியன் டொலருக்கு மேல் இறக்கின. கூரைச் சூரியசக்தியைக் கட்டுப்படுத்த வழி திறக்கும் திருத்தம் அது. 60 வீதம் தேவைப்பட்ட இடத்தில் 51 வீதத்தைக்கூட எட்டவில்லை. பெயரில் நுகர்வோர், குடும்பம், விவசாயி, மலிவு என்ற சொற்கள் இருந்தால் முதல் நன்கொடையின் திகதியையும் கொடுத்தவரையும் பாருங்கள். அதுதான் குழுவின் உண்மையான பெற்றோர்.

கலிபோர்னியா இதற்குக் கொஞ்சம் மருந்து கட்டியிருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி முன்மொழிவு விளம்பரத்தில் 50,000 டொலருக்குக் குறையாமல் கொடுத்த முதல் மூன்று பேரின் பெயரைக் காட்ட வேண்டும். யாருக்கு, எதற்கு வாக்களிக்கலாம் என்று வீட்டுக்கு வரும் பரிந்துரை அட்டைகளில், காசு கொடுத்து இடம்பிடித்த ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும். அந்த அட்டையின் படம் யாராவது அனுப்பினால் முன்பக்கப் புகைப்படங்களை விட்டுவிட்டு, நட்சத்திரங்களை எண்ணுங்கள்; அடியில் சிறிய எழுத்தில் விளக்கம் இருக்கும்.

மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வொஷிங்டன் மாநிலம்தான் பாடம். 2013 இல் அங்கே 522 ஆம் முன்மொழிவு வந்தது; அதுவும் மரபணு மாற்றிய உணவுக்கான லேபல். அமெரிக்கப் பலசரக்கு உற்பத்தியாளர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் 'வணிகப் பெயர்ப் பாதுகாப்பு' என்ற தனிக் கணக்கில் காசு திரட்டி, அதிலிருந்து ஏறத்தாழ 11 மில்லியன் டொலரைச் சங்கத்தின் பெயரிலேயே எதிர்ப்புக் குழுவுக்குக் கொடுத்தது. பகிரங்கப்படுத்தல் ஆணைக்குழுத் தளத்தில் சங்கத்தின் பெயர் மட்டும் தெரிந்தது. பெப்சிகோ, கொக்கா-கோலா, நெஸ்லே போன்ற பெயர்கள் தெரியவில்லை. திருகோணமலைக் கடை றாக்கையிலும் இருக்கும் பெயர்கள் இவை. அந்த ஒக்டோபரில் சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்த பிறகுதான் சங்கம் பதிவு செய்து பட்டியலை வெளியிட்டது. வாக்கெடுப்பு 51 இற்கு 49 என்று தோற்றது. 2016 இல் நீதிமன்றம் 6 மில்லியன் அபராதத்தை, வேண்டுமென்றே மறைத்ததற்காக, மூன்று மடங்காக்கி 18 மில்லியன் டொலர் விதித்தது. 2022 இல் மாநில உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அபராதம் நிலைக்க ஒன்பது ஆண்டு; அந்த முன்மொழிவு கேட்ட லேபல் வரவே இல்லை. நிதித் தளத்தில் வெறும் சங்கத்தின் பெயர் பெருந்தொகையோடு வந்தால், அது முற்றுப்புள்ளி இல்லை, அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

இந்தச் சேவைகள் காட்டாத விடயங்களும் உண்டு. அவற்றைத் தெரியாமல் இருப்பது ஆபத்து. முதலாவது, தாமதம். 2014 இல் கலிபோர்னியா பிளாஸ்ரிக் பைத் தடைச் சட்டத்தை இயற்றியது. பை உற்பத்தியாளர்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு கேட்டார்கள்; அதனால் 2015 இல் தொடங்க வேண்டிய தடை 2016 நவம்பர் வரை நின்றது. அதே வாக்குச்சீட்டில் அவர்களே 65 ஆம் முன்மொழிவு என்று, கடைகள் பைக்கு வாங்கும் காசைச் சூழல் நிதிக்குத் திருப்பும் இன்னொன்றையும் போட்டுக் குழப்பினார்கள். மக்கள் தடையைக் காப்பாற்றி, 65 ஐத் தோற்கடித்தார்கள். ஆனாலும் ஒன்றரை ஆண்டு பை விற்றாயிற்று. சுவையூட்டிய புகையிலைத் தடையும் அப்படித்தான். 2020 இல் கையொப்பமான சட்டம், புகையிலைக் கம்பனிகள் கேட்ட வாக்கெடுப்பால் 2022 வரை உறங்கியது. 63 வீதத்தினர் சட்டத்தை ஆதரித்தும் அந்த இரண்டு ஆண்டை யாரும் திருப்பித் தர முடியாது. நிதித் தளம் இதைத் தோல்வியாகவே பதிவு செய்யும். கம்பனியின் கணக்கில் அது இலாபம்.

இரண்டாவது, பேரம். 2018 இல் மென்பானக் கம்பனிகள், உள்ளூர் வரி எதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று ஒரு முன்மொழிவுக்குக் கையெழுத்துத் திரட்டின. நகரசபைகள் எல்லாம் நடுங்கின. கடைசி நாளில் சட்டமன்றம் 2031 வரை புதிய உள்ளூர் சோடா வரிகளுக்குத் தடை விதித்தது. கம்பனிகள் முன்மொழிவை மீளப் பெற்றன. கால்-அக்சஸில் தெரிவது கையெழுத்துத் திரட்டிய செலவு மட்டும். வாக்குச்சீட்டில் வராத முன்மொழிவுகளின் குழுக்களையும் எண் வைத்துத் தேடுங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான். அதே ஆண்டு வொஷிங்டனில் 1634 ஆம் முன்மொழிவு 'மலிவான பலசரக்கு' என்ற கோஷத்தோடு வந்தது. 20 மில்லியன் டொலருக்கு மேல் போனது, கிட்டத்தட்ட முழுவதும் மென்பானக் கம்பனிகளின் காசு. புதிய உள்ளூர் சோடா வரிகளைத் தடுக்கும் அந்த முன்மொழிவு 56 வீதத்தால் வென்றது.

காசு எப்போதும் வெல்வதில்லை என்பதையும் இதே தளங்கள் காட்டுகின்றன. பெர்க்லி நகரம் 2014 இல், எதிர்த்தரப்பு 2 மில்லியன் டொலருக்கு மேல் செலவழித்தும், 76 வீதத்தால் சோடா வரியைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2012 இல் ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்ற புகையிலை வரி, 2016 இல் இருமடங்காக, பக்கற்றுக்கு 2 டொலராக வந்து 64 வீதத்தால் வென்றது. எதிர்ப்புக்கு 70 மில்லியன் அளவில் கொட்டியிருந்தார்கள். ஆதரவுத் தரப்பின் கணக்கையும் அதே கண்ணோடு பாருங்கள். 2018 இல் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையங்களின் வருமானத்துக்கு வரம்பு கேட்ட 8 ஆம் முன்மொழிவை எதிர்க்க டவிட்டா, ஃப்ரெசீனியஸ் கம்பனிகள் தலைமையில் 110 மில்லியன் டொலர் அளவில் செலவானது. ஆனால் அதைக் கொண்டுவந்ததும் ஒரு சுகாதாரத் தொழிற்சங்கம், அதற்கும் தன் காரணம் இருந்தது. மசசூசெட்ஸில் 2020 இல் 75 வீதத்தால் வென்ற, வாகனங்களைத் 'திருத்தும் உரிமை' பற்றிய முன்மொழிவில் கார்க் கம்பனிகள் ஒரு பக்கம், உதிரிப்பாகக் கடைகள் மறுபக்கம். இரண்டு பக்கமும் வியாபாரம்.

எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? மக்கள் மனுவால் வாக்கெடுப்பைக் கொண்டுவரும் வழி இலங்கை அரசியலமைப்பில் இல்லை. 1982 இல் விளக்குக்கும் குடத்துக்கும் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்க்க கால்-அக்சஸ் போல ஒன்று இல்லை. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் வேட்பாளர், கட்சி, சுயேச்சைக் குழுக்களின் செலவைக் கட்டுப்படுத்துகிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற வரம்பு வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் கணக்கு வருவது வாக்களித்த பிறகு. 24 மணி நேர அறிவிப்பு என்ற ஒன்றுதான் கலிபோர்னியாவிடம் நாம் கேட்டு வாங்க வேண்டிய சாமான்.

இங்கே கம்பனிகளின் எதிர்ப்பு வாக்குச்சாவடிக்கு வருவதில்லை, வர்த்தமானிக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறது. சிகரெட் பெட்டியின் படத்துடனான எச்சரிக்கை 80 வீதம் என்று சுகாதார அமைச்சு 2012 இல் விதித்தது. புகையிலைக் கம்பனி வழக்குப் போட்டது, அளவு 60 வீதமாகக் குறைந்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தித்தான் 80 ஐ மீட்டது. இப்படியான விதிகள் வரைவில் இருக்கும்போது எந்தக் கம்பனி என்ன எழுதிக் கொடுத்தது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எல்லா ஆவணமும்" என்று கேட்காதீர்கள், நிராகரிக்க அது வசதி. வரைவின் பெயர், திகதி எல்லை, எழுத்து மூலச் சமர்ப்பணங்களின் பிரதி என்று குறித்துக் கேளுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் கால்-அக்சஸுக்கு 4: உள்ளடக்கத்துக்கு 5, வடிவமைப்புக்காக ஒன்று கழித்தோம். கையேட்டுக்கு 4, பவர் சேர்ச்சுக்கு மூன்றரை, பலட்பீடியாவுக்கு 3. பிரசாரக் குழுக்களின் சொந்த இணையத்தளங்கள் தேர்தல் முடிந்த சில வாரங்களிலேயே காணாமல் போய்விடும். விளம்பரக் காணொளியும் கூடவே போய்விடும். நிதிக் கணக்கு மாநிலத் தளத்தில் நிற்கும், எந்தப் பொய்க்கு அந்தக் காசு செலவானது என்பதற்கு ஆதாரம் இராது. எனவே ஒக்டோபரிலேயே குழுவின் முகப்புப் பக்கம், ஆதரவாளர் பட்டியல், கேள்வி பதில் பக்கம் ஆகிய மூன்றையும் இன்டர்நெட் ஆர்கைவின் பழைய பக்கச் சேமிப்பில் ஏற்றி, ஏழு இலக்க எண்ணோடும் திகதியோடும் உங்கள் எக்செல் கோப்பில் ஒரு வரியாகப் பதிந்து வையுங்கள்.